கழுதையும் போகும், குதிரையும் போகும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு கல்பாலத்தின் படம் போட்டு நாலு வரி எழுதியிருந்தேன். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஜாவ் என்கிற வட்டத்தில், சியாவ் என்கிற சின்ன ஆற்றின் குறுக்கே நிற்கும் ஆன்ஜி பாலம், கி.பி. 605 வாக்கில் கட்டி முடித்தது, ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை, ஒரே வளைவு, அதன் நீளம் 37 அடி. அவ்வளவுதான் எழுதினேன். பக்கத்தை நிரப்பப் போட்ட படம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் நம் வாசகர்களில் பாதிப் பேர் பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஜாதி என்று தெரிகிறது (நானும் அதே ஜாதிதான்). அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, பாலம் மட்டும். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வைத்துக்கொள்வோம்.

கேள்வி: வளைவின் நீளம் 37 அடி என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் வாய்க்கால் பாலமே அதைவிடப் பெரிசு. இதற்கா இவ்வளவு பில்டப்?
– ஒரு வாசகர், கரூர்

தப்பு என்னுடையது. 37 அடி இல்லை, 37 மீட்டர். அதாவது சுமார் 121 அடி. கரையிலிருந்து கரைக்கு ஒரே தாவல். வளைவின் உச்சி, அது கிளம்புகிற இடத்திலிருந்து சுமார் 7.2 மீட்டர் உயரம். பாலத்தின் அகலம் ஏறத்தாழ 9 மீட்டர். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும். திட்டிய விதத்துக்கு நன்றி, கொஞ்சம் மென்மையாகவும் திட்டியிருக்கலாம்.

கேள்வி: இதைக் கட்டியவர் யார்? ராஜாவின் பெயரைச் சொல்லாதீர்கள், கட்டிய கொத்தனாரின் பெயரைச் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

ஐயா, உங்களுக்காகவே ஒரு நல்ல செய்தி. பழைய கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கட்டியவன் பெயர் கிடைக்காது, இதற்குக் கிடைத்திருக்கிறது. லீ சுன். சுய் வம்ச காலத்துக் கைவினைஞர். ஆனால் அந்தப் பெயரோடு கதை முடிந்துவிடுகிறது. எங்கே பிறந்தார், யாரிடம் தொழில் கற்றார், வேறு எங்காவது ஏதாவது கட்டினாரா, ஒன்றும் கிடையாது.

பெயர் எப்படித் தப்பிப் பிழைத்தது என்றால், பாலம் கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, தாங் வம்ச காலத்தில், ஜாங் ஜியாஜென் என்கிற மந்திரி இந்தப் பாலத்துக்கு ஒரு கல்வெட்டு வாசகம் எழுதினார். அதில் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, சியாவ் ஆற்றுக் கல்பாலம் சுய் காலத்து வினைஞர் லீ சுன் செய்தது. இரண்டு, அதன் அமைப்பு விசித்திரமானது, அவர் எந்த அடிப்படையில் இப்படிச் செய்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இரண்டாவதுதான் ரொம்பப் பிடித்தது. நாட்டின் பெரிய மந்திரி ஒருவர், ஒரு கொத்தனாரின் வேலையைப் பார்த்துவிட்டு, “இது எங்களுக்குப் புரியவில்லை” என்று கல்லிலேயே ஒத்துக்கொள்கிறார், பாருங்கள்.

ராஜா பெயரையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அப்போது ஆண்டவர் சுய் பேரரசர் யாங். அதே 605-ல்தான் பெருங்கால்வாய் வெட்டும் வேலையை லட்சக்கணக்கான ஆட்களை வைத்துத் தொடங்கினார். அவர் வம்சம் 618-ல் போயே போய்விட்டது.

கேள்வி: நடுவில் தூண் இல்லாமல், கான்கிரீட் இல்லாமல், வெறும் கல் எப்படி 1,400 வருஷம் நிற்கும்? புரிகிற மாதிரி சொல்லுங்கள். நான் தமிழ் இலக்கியம் படித்தவள்.
– ஒரு வாசகி, மன்னார்குடி

சரி, பொறியியல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் முயற்சி செய்கிறேன். தவறினால் கீழே ஒரு பொறியாளர் காத்திருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்.

முதலில் லீ சுன் முன்னால் இருந்த சிக்கல் என்ன என்று பாருங்கள். சியாவ் பெரிய ஆறு இல்லை. ஆனால் மேற்கே தைஹாங் மலை இருக்கிறது, மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் திடீரென்று இறங்கும். வருஷம் முழுக்கச் சாதுவாக இருந்துவிட்டு ஒரு வாரம் பேயாட்டம் ஆடுகிற ஆறு. அடியில் பாறை கிடையாது, வண்டல் மண். அதற்குள் தூண் நட்டால் வெள்ளம் தூணின் காலடியில் சுழித்துச் சுழித்து மண்ணை அரித்துக்கொண்டே போகும். படகுக்கும் இடைஞ்சல். ஆகவே தூண் வேண்டாம், ஒரே வளைவு.

அடுத்த சிக்கல், எப்படிப்பட்ட வளைவு என்பது. எல்லாருக்கும் தெரிந்தது அரைவட்டம். 37 மீட்டர் அகலத்துக்கு அரைவட்டம் போட்டால் உச்சி பதினெட்டரை மீட்டர் உயரத்துக்குப் போய்விடும், ஆறு மாடி உயரம். தானிய மூட்டை ஏற்றிய வண்டியை அதன் மேல் எந்த மாடு இழுக்கும்? அதனால் அவர் முழு அரைவட்டத்தையும் எடுக்காமல், ஒரு பெரிய வட்டத்தின் தலைப்பகுதியை மட்டும் சீவி எடுத்த மாதிரி ஒரு தட்டையான வளைவைப் போட்டார். உயரம் ஏழு மீட்டர் சொச்சத்தோடு நின்றுவிட்டது.

இங்கேதான் ஆபத்து. ஏணியைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்தால் நிற்கும், படுக்கையாகச் சாய்க்கச் சாய்க்க அடி வழுக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கும் இல்லையா? வளைவும் அப்படித்தான். தட்டையாக ஆக ஆக இரண்டு கரைகளையும் பக்கவாட்டில் தள்ளுகிற வேகம் கூடும். கரை ஒரு விரற்கடை விலகினால்கூட நடுவில் விரிசல் விடத் தொடங்கும். கல்லுக்கு நசுங்குவதில் பயமே இல்லை, எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால்தான் பிரிந்துவிடும். அதனால் எல்லாக் கல்லும் எப்போதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதே சமயம் கரையின் மேல் விழும் பாரமும் குறைய வேண்டும்.

பாரத்தை எங்கே குறைப்பது? வளைவின் உச்சிக்குப் பக்கத்தில் குறைக்க ஒன்றுமில்லை, அங்கே ஏற்கெனவே கல் மெலிசு. ஆனால் இரண்டு தோள்களிலும், அதாவது வளைவின் முதுகுக்கும் மேலே போகிற பாதைக்கும் நடுவில், முக்கோணமாக ஓர் இடம் வரும். அதுவரை கட்டியவர்கள் பொதுவாக அந்த இடத்தைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிடுவார்கள். லீ சுன் அடைக்கவில்லை. ஒவ்வொரு தோளிலும் இரண்டிரண்டு குட்டி வளைவுகளை வைத்து ஓட்டையாக விட்டுவிட்டார். பெரியது சுமார் 3.8 மீட்டர், சின்னது 2.8 மீட்டர். இதனால் பாலத்தின் எடையில் சுமார் 15 சதவீதம் குறைந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வெள்ளம் கரை முட்டி வரும்போது அந்த நாலு ஓட்டை வழியாகவும் தண்ணீர் ஓடிவிடும், பாலத்தின் தோளில் முட்டி நிற்காது. ஒரே ஓட்டையில் இரண்டு வேலை. ‘ஆன்ஜி’ என்றால் ‘பத்திரமாய்க் கரை சேர்ப்பது’ என்று அர்த்தம், பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை.

அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். ஐந்து வரிசைக் கல், மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கனம், அதற்குக் கீழே ஆற்று மண். 1933-ல் லியாங் சிசெங் என்கிற கட்டடக்கலை அறிஞர் இந்தப் பாலத்தை அளக்க வந்தபோது காலடியைத் தோண்டிப் பார்த்தார். இத்தனூண்டு கல்வரிசையா இவ்வளவு பெரிய வளைவைத் தாங்குகிறது என்று அவரால் நம்ப முடியவில்லை. இது தண்ணீர் அரிக்காமல் இருக்கக் கட்டிய தடுப்புச் சுவராக இருக்கும், உண்மையான அஸ்திவாரம் பின்னால் பெரிதாக எங்கோ இருக்கும் என்றே எழுதினார். பல வருஷம் கழித்து நடந்த ஆய்வில்தான் அதுவேதான் அஸ்திவாரம் என்று தெரிந்தது. தாங் காலத்து மந்திரிக்குப் புரியாதது போலவே இவருக்கும் முதலில் பிடிபடவில்லை, எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

கேள்வி: நெடுஞ்சாலைத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவன். இந்தப் பாலத்தைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். 28 தனித்தனி வளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், கற்களைக் குறுக்கே பின்னிக் கட்டவில்லை. இது தவறான முறை. நீங்கள் ஆகா ஓகோ என்று எழுதுவதற்கு முன் இதையும் எழுதுங்கள்.
– ஒரு வாசகர், திருச்சி

வாருங்கள் சார், உங்களைத்தான் மேலே சொன்னேன்.

முதலில் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். செங்கல் சுவர் கட்டும்போது கீழ் வரிசையின் இணைப்பின் மேல் மேல் வரிசைச் செங்கல் உட்காரும்படி மாற்றி மாற்றி வைப்போம், அப்போதுதான் சுவர் ஒரே உடம்பாக நிற்கும். பாலத்தின் வளைவையும் அகலவாட்டில் அப்படிப் பின்னிக் கட்டலாம். இங்கே அப்படிச் செய்யவில்லை. ரொட்டியை நறுக்கி மறுபடி சேர்த்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி 28 மெல்லிய வளைவுகள் தோளோடு தோள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் காலில் தான் நிற்கும்.

சார் சொல்வது நியாயம்தான். இப்படிக் கட்டினால் காலப்போக்கில் ஓரத்தில் இருப்பவை வெளிப்பக்கம் சாயும். லீ சுனுக்கும் இது தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை முன்னெச்சரிக்கை எடுத்திருக்க மாட்டார். அடுத்தடுத்த கற்களை உடுக்கை வடிவத்தில் வெட்டிய இரும்புத் துண்டு வைத்துக் கோத்திருக்கிறார். குறுக்கே இரும்புக் கம்பி செருகி, இரண்டு முனையிலும் கொண்டை வைத்து இறுக்கியிருக்கிறார். ஓரக்கல்லைப் பிடித்துக்கொள்ள வளைந்த கொக்கி மாதிரிக் கற்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இது: பாலத்தை இரண்டு முனையிலும் அகலமாகவும் நடுவில் சுமார் அரை மீட்டர் குறுகலாகவும் கட்டியிருக்கிறார். அதனால் ஓரத்து வளைவுகள் எல்லாம் லேசாக உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெட்டிக்கொண்டு நிற்கின்றன.

இவ்வளவு செய்தும் நீங்கள் சொன்னதுதான் நடந்தது. நூற்றாண்டுகள் போகப் போக இரண்டு ஓரங்களிலும் சில வளைவுகள் ஆற்றுக்குள் விழுந்தன. ஆனால், சார், இங்கே ஒரு ‘ஆனால்’ இருக்கிறது. ஓரத்து வளைவு விழுந்தபோது மற்றவை விழவில்லை! பாலத்தின் மேல் போக்குவரத்து நிற்கவில்லை, விழுந்ததை மட்டும் பிற்பாடு வந்தவர்கள் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். பின்னிக் கட்டியிருந்தால் விரிசல் ஒரு பக்கம் தொடங்கி மறு பக்கம் வரை போயிருக்கலாம் இல்லையா?

இன்னொரு லாபமும் இருக்கிறது, அது உங்களுக்கு உடனே பிடிபடும். சென்டரிங், அதாவது வளைவு தானாக நிற்கும்வரை அடியில் முட்டுக்கொடுக்கிற மரச்சட்டம். 9 மீட்டர் அகலத்துக்கு மொத்தமாக மரச் சென்டரிங் போட்டால் எவ்வளவு மரம், எவ்வளவு ஆள். இவருக்கு ஒரு வளைவின் அகலத்துக்கு மட்டும் போட்டால் போதும். ஒன்றை முடித்து, சென்டரிங்கைப் பக்கத்தில் நகர்த்தி, அடுத்ததைக் கட்டி, மறுபடி நகர்த்தி... வேலை பார்த்த ஊர் ஒரு கிராமப்புற ஆற்றங்கரை என்பதை நினைத்துப் பாருங்கள். கையிலிருந்த மரத்துக்கும் ஆளுக்கும் ஏற்ற வேலை. 31 வருஷ அனுபவத்தில் டெண்டர் தொகைக்குள் வேலை முடிக்கப் பாடுபட்டிருப்பீர்கள், இந்த மனிதரை உங்களால் மன்னிக்க முடியாதா?

கேள்வி: “உலகின் முதல் கல்பாலம், உலகின் மிகப் பழைய வளைவுப் பாலம்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
– கல்லூரி மாணவர், சேலம்

இல்லை. கிரீஸில் ஆர்காடிகோ என்ற இடத்தில் கி.மு. 13-ம் நூற்றாண்டு வாக்கில் கட்டிய சின்னக் கல்பாலம் இன்னும் நிற்கிறது. ரோம் நகரில் ஃபாப்ரிசியோ பாலம் கி.மு. 62-ல் கட்டியது, இன்றும் ஜனங்கள் நடக்கிறார்கள். சீனாவிலேயே இதற்கு முன்னால் வளைவுப் பாலங்கள் இருந்ததற்குக் குறிப்புகள் உண்டு. ஆன்ஜி பாலத்தின் சரியான பெருமை என்னவென்றால், தட்டையான வளைவும் தோளில் திறந்த ஓட்டைகளும் சேர்ந்த கல்பாலங்களில் இன்று நிற்பவற்றுள் இதுதான் மிகப் பழையது. ஐரோப்பாவில் தோளில் ஓட்டை விட்ட பெரிய பாலத்துக்குப் பிரான்ஸின் சேரே ஊர்ப் பாலத்தைச் சொல்லலாம், அது 14-ம் நூற்றாண்டு. அதாவது 700 வருஷம் பிந்தி.

வேல்ஸ் நாட்டில் பான்டிபிரித் என்ற ஊரில் ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் விலகிப் போனாலும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் எட்வர்ட்ஸ் என்கிற கொத்தனார் (அவர் சபை போதகரும்கூட) டாஃப் ஆற்றுக்குப் பாலம் கட்ட 1746-ல் ஒப்பந்தம் எடுத்தார். முதலில் கட்டியது வெள்ளத்தில் போயிற்று. பிறகு ஒரே வளைவாக முயன்றார், அதுவும் சரிப்படவில்லை. இன்னொன்று கட்டினார், தோளில் இருந்த கனம் இரண்டு பக்கமும் அழுத்த, நடு உச்சி மேலே பிதுங்கி உடைந்து விழுந்தது. கடைசியில் 1756-ல் ஒவ்வொரு தோளிலும் மூன்று வட்ட ஓட்டைகள் விட்டுக் கட்டினார், அது இன்றும் நிற்கிறது. லீ சுன் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. கையைச் சுட்டுக்கொண்டு தானாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்று கேட்காதீர்கள், எனக்கு விழுந்து எழுந்தவர் மேல்தான் கொஞ்சம் பாசம் அதிகம்.

கேள்வி: இந்தப் பாலத்துக்கு ஏதாவது கதை உண்டா? எங்கள் பாட்டி எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் “ஒரே ராத்திரியில் பூதம் கட்டியது” என்பார்.
– ஒரு வாசகி, தென்காசி

அங்கேயும் ஒரே ராத்திரிதான்! பாட்டியிடம் சொல்லுங்கள்.

ஊர்க் கதையில் லீ சுன் கிடையாது. கட்டியவர் லூ பான், சீனத் தச்சர்களும் கொத்தர்களும் குலகுருவாகக் கும்பிடுகிற மனிதர். அவரும் தங்கையும் போட்டி போட்டார்களாம், விடிவதற்குள் யார் பாலம் கட்டி முடிப்பது என்று. தங்கை சின்னப் பாலம், அண்ணன் பெரிய பாலம். அண்ணன் ஒரு மந்தை வெள்ளாட்டை, இல்லை, வெள்ளைச் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் வந்ததும் எல்லாம் வெள்ளைக் கல்லாக மாறிவிட்டன. பொழுது விடியப் பாலம் தயார்.

இந்தச் செய்தி வானுலகம் வரை போய்விட்டது. ஜாங் குவோலாவ் என்கிற சித்தர் (இவர் கழுதையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து சவாரி செய்கிறவர்) சோதித்துப் பார்க்க வந்தார். பையில் ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் சந்திரன். கூடவே சாய் வாங்யே என்கிற ராஜா ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மலைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். “தம்பி, இந்தப் பாலம் எங்களைத் தாங்குமா?” என்று அப்பாவி போலக் கேட்டார்கள். லூ பானுக்குத் தலைக்கனம், “தாராளமாகப் போங்கள், பெரியவரே” என்றார். ஏறினார்கள், பாலம் ஆட ஆரம்பித்தது. லூ பான் ஆற்றுக்குள் குதித்து அடியில் நின்று ஒற்றைக் கையால் தாங்கிப் பிடித்தார். அதனால் பாலத்தின் மேலே கழுதைக் குளம்புத் தடம், வண்டிச் சக்கரத்தின் பள்ளம், கீழே வளைவின் அடியில் கைத்தடம் என்று மூன்று அடையாளம் காட்டுவார்கள். வட சீனாவில் இதைப் பற்றி ஒரு நாட்டுப்பாட்டு உண்டு, அதுவும் நம் பகுதி மாதிரிக் கேள்வி–பதில்தான்: பாலம் கட்டியது யார், கழுதையில் வந்தது யார், வண்டி தள்ளியது யார் என்று ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வார்.

லூ பான் வாழ்ந்தது பாலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வருஷம் முன்னால். அதைக் கதையில் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தத் தடங்களுக்குச் சிலர் சொல்லும் விளக்கம் சுவையானது. பாரவண்டிகள் ஓரமாகப் போகாமல் எந்த இடத்தில் போக வேண்டும் என்பதற்கான அடையாளம் மேலே இருக்கும் தடம், பழுது பார்க்கும்போது முட்டுக்கொடுக்க வேண்டிய இடம் கீழே இருக்கும் கைத்தடம் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரருக்குப் பலகை எழுதி வைப்பதைவிட, “இங்கேதான் சாமியின் கழுதை போயிற்று” என்றால் அதே தடத்தில் போவார். நிரூபணம் கேட்டால் கிடையாது, எனக்கு நம்ப ஆசை.

கேள்வி: பாலத்தின் படம் பளபளவென்று புதுசாக இருக்கிறது. 1,400 வருஷப் பாலம் இப்படியா இருக்கும்? நிஜமாகவே பழசா, பொய் சொல்கிறீர்களா?
– ஒரு வாசகர், ஈரோடு

சந்தேகம் சரியான இடத்தில் வந்திருக்கிறது. எலும்பு பழசு, தோல் புதுசு.

1950-களில் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது, 1958-ல் முடிந்தது. விழுந்து போயிருந்த ஓரத்து வளைவுகளைப் புதுக் கல்லால் கட்டினார்கள். நீங்கள் வெளியே நின்று படம் எடுத்தால் கண்ணில் படுவது அந்த ஓரங்கள்தான். கைப்பிடிச் சுவர்களும் புதியவை. அந்த வேலையின்போது ஆற்றின் சேற்றைத் தோண்டியதில் பழைய கைப்பிடிக் கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. கல்லைத் துளைத்துக்கொண்டு போவது போல உடலை வளைத்து நிற்கும் டிராகன்கள், அவ்வளவு உயிரோட்டமான வேலை. அந்த மாதிரியை வைத்துப் புதுசு செதுக்கிப் பாலத்தில் வைத்தார்கள், பழையவற்றில் சில அருங்காட்சியகத்துக்குப் போயின.

இதில் வருத்தப்பட்டவர் யார் தெரியுமா? முன்னே சொன்ன அதே லியாங் சிசெங். இந்தப் பாலத்தை வெளியுலகுக்குத் தெரியவைத்தவரே அவர்தான். பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தால் அது பழசாகவே தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. பழங்காலத்து வெண்கலப் பாத்திரத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எப்படியோ அப்படித்தான் பழைய கட்டடத்தைப் புத்தம் புதிதாக்குவதும் என்று 1960-களில் எழுதினார். இந்தப் பாலத்தின் விஷயத்திலும் அந்தக் குறையைச் சொன்னார்.

நான் அவர் பக்கம். ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. 1966-ல் அதே வட்டாரத்தில் ஷிங்தாய் நிலநடுக்கம் வந்தது, மார்ச் மாதத்தில் பெரிய அதிர்ச்சிகள் இரண்டு, ரிக்டர் அளவில் 7-ஐ ஒட்டியவை. மையப்பகுதி பாலத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பாலம் அசரவில்லை. ஓரங்களைக் கட்டி இறுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? தோலுக்காக எலும்பை இழக்கவும் முடியாது. ஆனாலும் அந்த வெள்ளைக் கைப்பிடியைப் பார்க்கும்போது எனக்குக் கல்யாண மண்டப வாசல்தான் ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

கேள்வி: ஜென் கதைகளில் ‘ஜோஷுவின் கல்பாலம்’ என்று வருமே, அது இதுதானா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

இதுதான். ‘ஜோஷு’ என்பது ‘ஜாவ்ஜோ’ என்ற சீனப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு. அந்தக் காலத்தில் இந்த ஊரின் பெயரே ஜாவ்ஜோ, அதனால் பாலத்துக்கும் ஜாவ்ஜோ பாலம் என்றுதான் பெயர் அதிகம். 9-ம் நூற்றாண்டில் இங்கே ஒரு மடத்தில் இருந்த குரு சொங்ஷெனையும் ஊர்ப் பெயராலேயே ஜாவ்ஜோ என்று அழைத்தார்கள். அந்த மடம் இன்று பைலின் கோயில்.

தெரியாதவர்களுக்காகக் கதை. ஒரு துறவி வந்து குருவிடம், “ஜாவ்ஜோவின் கல்பாலம் என்று ரொம்ப நாளாகக் கேள்விப்பட்டேன், வந்து பார்த்தால் ஒரு மரக்கட்டைப் பாலம்தான் இருக்கிறது” என்றார். பெரிய குரு என்றார்களே, நீர் இவ்வளவுதானா என்று குத்துகிறார். குரு கோபப்படவில்லை. “உமக்குக் கட்டைதான் தெரிகிறது, கல்பாலம் தெரியவில்லை.” “சரி, அந்தக் கல்பாலம் எது?” “கழுதையும் போகும், குதிரையும் போகும்.”

விளக்கம் கேட்டுக் கடிதம் போடாதீர்கள், ஜென் கதைக்கு உரை எழுதினால் அது செத்துவிடும். பாலத்தைப் பற்றி எழுதுகிறவனாக ஒன்று மட்டும் கவனித்தேன். இவர் பேசிய காலத்தில் பாலத்துக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல். அப்போதே அது வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டு வந்து பார்க்கிற பாலமாக இருந்திருக்கிறது, அதே நேரம் அதன் மேல் கழுதையும் குதிரையும் தினப்படி மூட்டை சுமந்து போய்க்கொண்டும் இருந்திருக்கின்றன.

கேள்வி: இப்போதும் வண்டி போகிறதா? ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

வண்டி போவதில்லை. சுற்றிலும் பூங்கா அமைத்து, டிக்கெட் வாங்கி உள்ளே விடுகிறார்கள், மேலே நடக்கலாம். கழுதைக்கும் குதிரைக்கும் அனுமதி இல்லை, குருவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். ஆறு இளைத்துவிட்டது. படகு போகவும் வெள்ளம் ஓடவும் என்று கணக்குப் பார்த்துத் திறந்துவிட்ட இடத்தின் கீழே இன்று குளம் மாதிரி அசையாத தண்ணீர் நிற்கிறது.

கேள்வி: மகன் பெய்ஜிங்கில் வேலை பார்க்கிறான், அடுத்த வருஷம் போகிறோம். இந்தப் பாலத்துக்கு எப்படிப் போவது, ஒரு நாளில் திரும்ப முடியுமா?
– ஒரு வாசகி, திருவாரூர்

முடியும் அம்மா. பெய்ஜிங் மேற்கு ஸ்டேஷனிலிருந்து ஷிஜியாஜுவாங் நகரத்துக்கு அதிவேக ரயில், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஜாவ் வட்டம் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர், பஸ்ஸும் உண்டு, டாக்சியும் உண்டு. டிரைவரிடம் ‘ஆன்ஜி’ என்பதைவிட ‘ஜாவ்ஜோ ச்சியாவ்’ என்று சொல்லச் சொல்லுங்கள் மகனை, ச்சியாவ் என்றால் பாலம். சீனப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே இந்தப் பாலத்தைப் பற்றிப் பாடம் படிக்கிறார்கள், அதனால் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

பெரிய பாலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அதே ஊரில் யோங்தோங் என்று ஒரு சின்னப் பாலம் இருக்கிறது, இதே அச்சு, தோளில் இதே மாதிரி ஓட்டைகள், அளவு மட்டும் குறைவு. கதையில் தங்கை கட்டியது என்றேனே, அது இதுதான். 1961-ல் அரசு பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் முதல் பட்டியல் போட்டபோது அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே போட்டது. பைலின் கோயிலும் பக்கத்திலேயே. வசந்த காலத்தில் போனால் வழியெல்லாம் பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கும், அந்த வட்டாரப் பேரிக்காய்க்கு நாடு முழுக்கப் பெயர். இலையுதிர் காலத்தில் போனால் பழம். ஆசிரியர் குழுவுக்கு ஒன்றிரண்டு வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.